பழைய ஜீப்பின் பின்அச்சை வீட்டிலேயே நேராக உட்காரவைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய மகிந்திரா ஜீப், மாருதி ஜிப்சி, அம்பாசடர் போன்ற வண்டிகளைப் பிரித்துப்போட்டு வீட்டுக் கொட்டகையிலேயே சஸ்பென்ஷன் வேலை செய்கிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். எந்த ஸ்பிரிங், எந்த ஷாக் அப்சார்பர் என்பதில் மாதக்கணக்காக மண்டையை உடைத்துக்கொள்கிறவர்கள்கூட, ஹவுசிங் (அச்சுக்குழாயும் டிஃபரன்ஷியல் உருண்டையும் சேர்ந்த கூடு) வண்டிக்கு அடியில் எங்கே உட்கார வேண்டும் என்பதைக் கடைசி நாள் மாலையில், டேப்பின் நுனியைப் பக்கத்து வீட்டுப் பையன் பிடிக்க, கண்ணளவில் முடித்துவிடுகிறார்கள். பிறகு வருடக்கணக்கில் டயர் கடைக்காரரைத் திட்டுகிறார்கள்.

இங்கே சொல்வதெல்லாம் இடச்சக்கரமும் வலச்சக்கரமும் ஒரே குழாயில் இணைந்த பின்அச்சுக்கு மட்டும். இரு பின்சக்கரங்களும் தனித்தனியாக ஏறி இறங்கும் கார்களுக்கு இது பொருந்தாது.

1. "அலைன்மென்ட் என்றால் முன்சக்கரத்துக்குத்தானே? பின்னால் திருகித் திருத்த ஒரு போல்ட்கூட இல்லையே?"

இல்லைதான். தொழிற்சாலையில் சட்டம் வைத்து அளந்து, ஸ்பிரிங் மாட்டும் இடங்களைச் சேசிஸில் பொருத்தி அனுப்பிவிடுகிறார்கள். அதனால் அங்கே திருத்த எதுவும் தேவைப்படவில்லை. நீங்கள் ஹாங்கரை (ஸ்பிரிங் முனையைச் சேசிஸில் தாங்கும் இரும்பை) வெட்டி மாற்றினாலோ, பட்டை ஸ்பிரிங்கை அச்சுக்கு மேலே ஏற்றினாலோ, வேறு வண்டியின் ஹவுசிங்கைக் கொண்டுவந்து வைத்தாலோ, அந்தத் தொழிற்சாலை வேலை உங்கள் தலையில் விழுகிறது.

கவனிக்க வேண்டியவை நான்கு. அச்சு வண்டியின் நடுக்கோட்டுக்குச் செங்கோணத்தில் இருக்க வேண்டும். இடம் வலமாக நடுவில் இருக்க வேண்டும். பினியனின் மூக்கு (புரொப்பெல்லர் ஷாஃப்ட் வந்து சேரும் முனை) சரியான கோணத்தில் நிமிர்ந்திருக்க வேண்டும். அச்சுக்குழாய் வளையாமல் இருக்க வேண்டும். கீழே வரும் கேள்விகள் எல்லாம் இந்த நான்கில் ஏதோ ஒன்றில்தான் போய் நிற்கும்.

2. "ஐந்து மில்லிமீட்டர் கோணலாக இருந்தால் குடியா முழுகிவிடும்?"

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பின்சக்கரங்களுக்கு இடையே அகலம் 1300 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒரு முனை மற்றதைவிட 5 மி.மீ. முன்னால் இருந்தால் அச்சு சுமார் 0.22 டிகிரி திரும்பியிருக்கிறது. ஜிப்சியின் வீல்பேஸ் 2375 மி.மீ. அந்த நீளத்தில் இந்தக் கோணம் வண்டியின் பின்புறத்தை முன்புறத்திலிருந்து 9 மி.மீ. பக்கவாட்டில் தள்ளிவிடும். ஸ்டீயரிங் விகிதம் 16-க்கு 1 என்றால், நேராகப் போக ஸ்டீயரிங் சக்கரத்தை மூன்றரை டிகிரி திருப்பியே பிடித்திருக்க வேண்டும்.

குடி முழுகாது. ஆனால் ஸ்டீயரிங்கின் நடுக்கம்பி எப்போதும் கோணலாகத் தெரியும், டயர் சீக்கிரம் தேயும், மழையில் பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் திமிறும். நான் சொல்லும் எல்லை 3 மி.மீ. பொறுமை உள்ளவர்கள் ஒன்றரைக்குக் கொண்டுவரலாம். அதற்கும் கீழே போக முயல்வது டேப்போடு மல்லுக்கட்டுவதுதான்.

3. "எந்தப் பக்கம் கோணல் என்று ஓட்டிப் பார்த்தே கண்டுபிடிக்க முடியுமா?"

முடியும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலான நீளம் எந்தப் பக்கம் குறைவோ, அந்தப் பக்கம் வண்டி இழுக்கும். இடப்பக்கம் குறைந்திருந்தால் வண்டி இடப்பக்கம் போகப் பார்க்கும். நீங்கள் ஸ்டீயரிங்கை வலப்பக்கம் பிடித்துக்கொண்டே ஓட்டுவீர்கள். பின்னால் வருகிறவருக்கு உங்கள் வண்டியின் பின்புறம் வலப்பக்கம் ஒதுங்கித் தெரியும்.

இன்னும் தெளிவாகப் பார்க்க வேண்டுமானால் தரையில் தண்ணீர் ஊற்றி, நான்கு டயரும் நனையும்படி ஓட்டி, உலர்ந்த சிமெண்ட் தரையில் பத்துப் பதினைந்து மீட்டர் நேராகப் போங்கள். இறங்கி வந்து ஈரத்தடத்தைக் குனிந்து பாருங்கள். முன்டயரின் தடத்துக்கு வெளியே பின்டயரின் தடம் இருபுறமும் ஒரே அளவு துருத்தியிருந்தால் நல்லது. ஒரு பக்கம் ஒரு விரல்கடை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை என்றால் அச்சு கோணல், அல்லது நடுவில் இல்லை. எது என்பதை அளந்துதான் சொல்ல முடியும்.

4. "இதற்கு லேசர் கருவி வாங்க வேண்டுமா?"

வேண்டாம். கொத்தனாரின் பையில் இருப்பதே போதும்: தூக்குக்குண்டு இரண்டு, நைலான் நூல், சாக்பொடி, மூலைமட்டம், தண்ணீர் நிரப்பிய டியூப் மட்டம். இவற்றோடு நல்ல இரும்பு டேப் ஒன்றும், காந்தம் வைத்து ஒட்டும் டிஜிட்டல் கோணமானி ஒன்றும். கைபேசியிலும் கோணம் பார்க்கலாம். கேமரா புடைத்திருக்கும் பக்கத்தை வைத்து அளக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டேப்பின் நுனிக் கொக்கி ஆடும். அதை நம்பாதீர்கள். 100 மி.மீ. கோட்டைப் புள்ளியில் வைத்து, வரும் அளவில் நூற்றைக் கழியுங்கள். இரு பக்கத்துக்கும் ஒரே டேப், ஒரே ஆள், ஒரே இழுப்பு.

5. "என் வீட்டுத் தரை மேடும் பள்ளமுமாக இருக்கிறது. வேலை ஆகாதா?"

ஆகும். தரை மட்டமாக இருக்க வேண்டியதில்லை, சேசிஸ் மட்டமாக இருந்தால் போதும். ஸ்டாண்டுகளுக்கு அடியில் தகடு வைத்து, டியூப் மட்டத்தால் இரு பக்கச் சட்டத்தையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவாருங்கள்.

இதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், சேசிஸ் ஒரு டிகிரி சாய்ந்திருக்கும்போது, 300 மி.மீ. உயர வித்தியாசமுள்ள இரண்டு புள்ளிகளிலிருந்து தூக்குக்குண்டு விட்டால், தரையில் 5 மி.மீ. பிழை வந்துவிடும். அச்சை நேராக்கப் போய் தரையின் சாய்வை வண்டியில் ஏற்றிவிடுவீர்கள்.

6. "எதிலிருந்து அளப்பது? பம்பரிலிருந்தா, பாடியிலிருந்தா, மட்கார்டிலிருந்தா?"

மூன்றிலிருந்தும் கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். பாடி என்பது ரப்பர் வைத்து போல்ட் போட்டு மேலே உட்காரவைத்தது. ஐம்பது வருட ஜீப்பில் அது ஒரு பக்கமாக 10 மி.மீ. நகர்ந்திருந்தால் யாருக்கும் தெரியாது. பம்பர் எத்தனை முறை எதில் முட்டியதோ. மட்கார்டுக்கும் டயருக்கும் உள்ள இடைவெளியை வைத்து அச்சை நடுவில் வைப்பவர்கள், தகரக்காரரின் பிழையை ஹவுசிங்கில் வெல்டிங் செய்து நிரந்தரமாக்குகிறார்கள்.

அளவு சேசிஸிலிருந்துதான் வர வேண்டும், அதிலும் தொழிற்சாலை போட்ட துளைகளிலிருந்து. முன் ஸ்பிரிங்கின் நிலையான கண் போல்ட்டின் நடுவிலிருந்து இடம் வலம் இரண்டு தூக்குக்குண்டு விட்டுத் தரையில் புள்ளி வையுங்கள். பின் ஸ்பிரிங்கின் பின்ஹாங்கர் போல்ட்டிலிருந்து அதேபோல் இரண்டு. நடுவில் கியர்பாக்ஸ் தாங்கியின் துளைகளிலிருந்து இன்னும் இரண்டு. ஒவ்வொரு ஜோடிக்கும் நடுப்புள்ளி கண்டுபிடியுங்கள். முதலாவதிலிருந்து கடைசிக்கு நூலைச் சாக்பொடியில் தோய்த்து இழுத்து அடியுங்கள்.

நடு ஜோடியின் மையம் அந்தக் கோட்டின் மேலேயே விழ வேண்டும். விழுந்தால் உங்களுக்கு நம்பகமான நடுக்கோடு கிடைத்துவிட்டது. வேலை முடியும்வரை அதை யாரும் கூட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆணி வைத்துக் கீறிவிடுவது இன்னும் நல்லது.

7. "மூலைவிட்டம் இரண்டும் சமமாக வரவில்லை. சேசிஸ் வளைந்துவிட்டதா?"

முன் இடப்புள்ளியிலிருந்து பின் வலப்புள்ளிக்கும், முன் வலத்திலிருந்து பின் இடத்துக்கும் அளந்து பார்த்திருக்கிறீர்கள். நல்ல பழக்கம். வித்தியாசம் 3 மி.மீ.-க்குள் இருந்தால் விட்டுவிடுங்கள். அதற்கு மேல் என்றால் முதலில் துளை முட்டை வடிவில் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய ஹாங்கர்களில் பெரும்பாலும் அதுதான் காரணம்.

அதுவும் இல்லை என்றால் வண்டி எப்போதோ அடிவாங்கியிருக்கிறது. சேசிஸ் நிமிர்த்தும் பட்டறைக்கு அனுப்புங்கள். வளைந்த சேசிஸுக்கு ஏற்றபடி அச்சைத் திருப்பிவைத்துச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால், அவருடைய வண்டியை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

8. "நடுக்கோடு கிடைத்தது. இனி ஹவுசிங்கை எப்படிச் செங்கோணத்துக்குக் கொண்டுவருவது?"

நடுக்கோட்டின் மேல், அச்சிலிருந்து எவ்வளவு முன்னால் போக முடியுமோ அவ்வளவு முன்னால் ஒரு புள்ளி வையுங்கள். ஹவுசிங்கின் இரு முனைகளிலும், பிரேக் தட்டு மாட்டும் ஃபிளாஞ்சின் முகத்திலிருந்து தூக்குக்குண்டு விட்டுத் தரையில் குறியுங்கள். முன்புள்ளியிலிருந்து இந்த இரண்டு குறிகளுக்கும் உள்ள தூரம் சமமாக இருந்தால் அச்சு செங்கோணத்தில் இருக்கிறது.

இதில் ஒரு பொறி உண்டு. அச்சு பக்கவாட்டில் நகர்ந்திருந்து, அதே நேரம் கொஞ்சம் திரும்பியும் இருந்தால், இரண்டு பிழையும் ஒன்றையொன்று மறைத்துத் தூரம் சமமாகவே வரும். அதனால் முதலில் அச்சை நடுவில் வைத்துவிட்டு, பிறகுதான் இந்த அளவை எடுக்க வேண்டும். சந்தேகம் தீர, கொத்தனார்கள் மூலை பார்க்கும் மூன்று, நான்கு, ஐந்து கணக்கையும் போட்டுப் பாருங்கள்: நடுக்கோட்டில் 800 மி.மீ., அச்சுக்கோட்டில் 600 மி.மீ., குறுக்கே 1000 வர வேண்டும்.

9. "டிஃபரன்ஷியல் உருண்டை வலப்பக்கமாகத் தள்ளித் தெரிகிறது. அதை நடுவுக்குக் கொண்டுவர வேண்டாமா?"

கூடாது. பழைய வில்லிஸ் வடிவ ஜீப்பில் டிரான்ஸ்ஃபர் கேஸின் (முன்அச்சுக்கும் பின்அச்சுக்கும் விசையைப் பிரிக்கும் பெட்டியின்) வெளித்தண்டே வலப்பக்கம்தான் இருக்கிறது; அதற்கு நேராக உருண்டையையும் வலப்பக்கம் வைத்திருக்கிறார்கள். நடுவில் இருக்க வேண்டியவை சக்கரங்கள். இடப்பக்க ஃபிளாஞ்ச் முகத்திலிருந்து நடுக்கோட்டுக்கும், வலப்பக்க முகத்திலிருந்து நடுக்கோட்டுக்கும் தூரம் சமமாக இருந்தால் சரி. உருண்டை எங்கே வேண்டுமானாலும் இருந்துகொள்ளட்டும்.

10. "ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கும்போது அளக்கலாமா? அப்போதுதான் அடியில் போக வசதியாக இருக்கிறது."

வசதிதான், ஆனால் அந்த அளவு எதற்கும் உதவாது. பட்டை ஸ்பிரிங் எடை தாங்கும்போது நிமிர்ந்து நீளும். முன்கண் நிலையானது என்பதால் அச்சு பின்னால் நகரும். இரண்டு பக்கப் பட்டையும் ஒரே மாதிரி நிமிரும் என்று சொல்ல முடியாது, பழைய பட்டையாக இருந்தால் நிச்சயம் நிமிராது. வண்டி சாலையில் நிற்கும் உயரத்தில், என்ஜின், எரிபொருள் டாங்க், ஆள் எடைக்கு மணல் மூட்டை எல்லாம் ஏற்றி அளப்பதே அளவு.

வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கியவுடன் அளக்காதீர்கள். டயர் தரையைப் பிடித்துக்கொண்டு பட்டையை உட்காரவிடாது. முன்னும் பின்னும் இரண்டு முறை உருட்டுங்கள். உருட்ட இடமில்லை என்றால், கிரீஸ் தடவிய இரண்டு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக டயருக்கு அடியில் வையுங்கள்.

புஷ்களின் போல்ட்டையும் இந்த நிலையில்தான் இறுக்க வேண்டும். ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு வேலை செய்வது. சக்கரம் தொங்கும்போது இறுக்கிவிட்டால், வண்டி இறங்கிய நொடியிலிருந்து அது முறுக்கிய நிலையிலேயே நின்று சில மாதங்களில் கிழிந்துபோகும்.

11. "ஸ்டாண்ட் இல்லை. ஹாலோ பிளாக் அடுக்கி நிறுத்தலாமா?"

கூடாது. ஹாலோ பிளாக் முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும். ஸ்டாண்ட் கடன் வாங்குங்கள். கிடைக்கும்வரை வண்டிக்கு அடியில் போகாதீர்கள்.

12. "எல்லாம் சரியாக அளந்து மாட்டினேன். கொஞ்ச நாளில் மறுபடி கோணலாகிவிட்டது. எப்படி?"

சென்டர் போல்ட்டைப் பாருங்கள். பட்டைகளை ஒன்றாகக் கோத்திருக்கும் அந்தப் போல்ட்டின் தலை, அச்சின் பெர்ச்சில் (பட்டை உட்காரும் மேடையில்) உள்ள குழியில் உட்கார்ந்துதான் அச்சை முன்பின் நகராமல் வைத்திருக்கிறது. குழி தேய்ந்திருந்தால் பிரேக் அடிக்கும் ஒவ்வொரு முறையும் அச்சு கொஞ்சம் கொஞ்சமாக நகரும். போல்ட் அறுந்திருந்தால் கேட்கவே வேண்டாம். தேய்ந்த குழிக்கு புஷ் அடித்துச் சரியான அளவுக்குத் துளையிட வேண்டும்.

அடுத்தது பட்டையை அச்சோடு கட்டும் யூ போல்ட். பழைய யூ போல்ட்டை மறுபடி போடாதீர்கள். ஒருமுறை இறுக்கியபோதே அது நீண்டுவிட்டது, மரையும் சிதைந்திருக்கும். புதியது போட்டு, நான்கு நட்டையும் குறுக்குமறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, முதல் 100 கி.மீ. ஓடியதும் மறுபடி ஒருமுறை இறுக்குங்கள். பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று அழுந்தி உட்காருவதால் நட்டு தளர்ந்தே தீரும்.

13. "பினியன் மூக்கை எந்தக் கோணத்தில் வைப்பது? நேராக கியர்பாக்ஸைப் பார்க்கும்படி வைத்தால் சரியா?"

இரு முனைகளிலும் ஒவ்வொரு கிராஸ் (வளைந்தபடியே சுழலவிடும் சிலுவை மூட்டு) உள்ள சாதாரண புரொப்பெல்லர் ஷாஃப்ட் என்றால், அப்படி வைப்பதுதான் அதிர்வுக்கு முதல் காரணம். வளைந்த நிலையில் சுழலும் ஒவ்வொரு கிராஸும் ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை வேகம் கூடி இரண்டு முறை குறையும். முன்கிராஸ் செய்யும் இந்தக் குளறுபடியைப் பின்கிராஸ் எதிராகச் செய்து சமன்படுத்த வேண்டும். அதற்கு இரண்டு வளைவும் சம அளவில் இருக்க வேண்டும். பக்கவாட்டில் பார்த்தால் கியர்பாக்ஸ் தண்டும் பினியன் தண்டும் இணைகோடுகளாகத் தெரிய வேண்டும். ஷாஃப்ட்டின் இரு முனை யோக்குகளும் (கிராஸைப் பிடிக்கும் கவைகளும்) ஒரே தளத்தில் இருக்க வேண்டும் என்பதும் இதில் சேர்த்தி. நழுவும் மரையைப் பிரித்து மாட்டும்போது ஒரு பல் மாறினாலே கணக்குக் கெடும்.

எடுத்துக்காட்டாக, கியர்பாக்ஸ் தண்டு பின்னோக்கி 3 டிகிரி இறங்குகிறது, புரொப்பெல்லர் ஷாஃப்ட் 5 டிகிரி இறங்குகிறது என்றால், முன்கிராஸ் 2 டிகிரி வளைந்து சுழல்கிறது. பினியன் மூக்கும் 3 டிகிரி நிமிர்ந்திருந்தால் பின்கிராஸுக்கும் அதே 2 டிகிரி. ஒவ்வொரு கிராஸும் 1 முதல் 3 டிகிரிக்குள் வளைந்து ஓடுவது நல்லது. சுத்தமாக வளைவே இல்லாமல் இருப்பதும் கெடுதல். கிராஸ் கோப்பைக்குள் உள்ள ஊசி பேரிங் உருளாமல் ஒரே இடத்தில் நின்று பள்ளம் விழுந்துவிடும். அரை டிகிரியாவது வேண்டும்.

இனி நடைமுறை. ஆக்சிலரேட்டரை மிதித்தால் பட்டை முறுகி, பினியன் மூக்கு மேலே எழும். அதை எதிர்பார்த்து, நிற்கும் நிலையில் மூக்கை 1 முதல் 2 டிகிரி தாழ்த்தி வைக்கிறோம். மேலே சொன்ன வண்டியில் 3-க்குப் பதில் 1 அல்லது 2. கோணம் மாற்ற, பெர்ச்சுக்கும் பட்டைக்கும் நடுவே ஆப்புத் தகடு வைக்கலாம். பட்டை அச்சுக்குக் கீழே இருந்தால் ஆப்பின் தடித்த முனை முன்பக்கம் வரும்போது மூக்கு நிமிரும்; பட்டை அச்சுக்கு மேலே இருந்தால் அதுவே மூக்கைத் தாழ்த்தும். பலர் குழம்புகிற இடம் இது. ஆப்பு வைத்தால் சென்டர் போல்ட்டின் தலை பெர்ச் குழிக்கு எட்டாமல் போகலாம், நீளமான தலையுள்ள போல்ட் போடுங்கள். அலுமினிய ஆப்பு நசுங்கும், இரும்பு வாங்குங்கள்.

14. "டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம் இரட்டைக் கிராஸ் ஜாயின்ட் போட்டிருக்கிறேன். அதே கணக்குத்தானா?"

இல்லை. இரட்டைக் கிராஸ் தன் குளறுபடியைத் தனக்குள்ளேயே சமன்படுத்திக்கொள்ளும். அதனால் பின்னால் உள்ள ஒற்றைக் கிராஸில் வளைவே இல்லாதபடி பினியன் நேராக ஷாஃப்ட்டைப் பார்க்க வேண்டும். பட்டை முறுகுவதற்காக 1 முதல் 2 டிகிரி தாழ்த்துவது மட்டும் முன்பு போலவே. உயரம் கூட்டிய ஜீப்புகளில் ஷாஃப்ட் செங்குத்தாகிவிடுவதால் இந்த ஜாயின்ட் பெரும்பாலும் தேவைப்படும்.

15. "ஜிப்சியில் பட்டையை அச்சுக்கு மேலே மாற்றி, புதுப் பெர்ச்சை நேராக வைத்துத்தான் வெல்டிங் செய்தேன். ஆனாலும் பின்டயர் உள்பக்கம் தேய்கிறது."

பெர்ச் நேராக இருக்கிறது, குழாய் வளைந்துவிட்டது. வெல்டிங் உலோகம் ஆறும்போது சுருங்கும்; சுருங்கும்போது குழாயைத் தன் பக்கம் இழுக்கும். குழாயின் மேல்பக்கம் வெல்டிங் விழுந்தால் இரு முனைகளும் மேல்நோக்கி வளையும், சக்கரங்களின் தலை உள்பக்கம் சாயும், டயரின் உள்விளிம்பு தேயும். உங்களுக்கு நேர்ந்தது அதுதான். இதே வெல்டிங் முன்பக்கம் விழுந்திருந்தால் இரு டயர்களும் முன்னால் நெருங்கி நிற்கும். பின்பக்கம் விழுந்திருந்தால் முன்னால் விலகி நிற்கும். இதைத் தெரிந்துகொண்டால் தேய்ந்த டயரைப் பார்த்தே வெல்டிங் எங்கே அதிகமாக விழுந்தது என்று சொல்லிவிடலாம்.

அடுத்த முறை ஒரே மூச்சில் கோடு இழுக்காதீர்கள். ஆக்சில் ஷாஃப்ட், பேரிங், ஆயில் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு, வெல்டிங் இடத்துக்கு அருகிலேயே எர்த் கிளாம்ப்பைக் கவ்வவிட்டு, ஒரு அங்குலம் இங்கே, ஒரு அங்குலம் மறுபக்கப் பெர்ச்சில் என்று மாறி மாறிப் போடுங்கள். கை வைக்க முடிகிற சூடு வரும்வரை காத்திருந்து அடுத்த அங்குலம். தண்ணீர் ஊற்றி ஆற்ற வேண்டாம். வார்ப்பு இரும்பு உருண்டையில் மட்டும் வீட்டில் வெல்டிங் வைக்காதீர்கள். அது முன்சூடு கொடுத்துச் செய்ய வேண்டிய வேறு கலை.

அளந்து பார்ப்பது எளிது. இரு ஹப் முகங்களிலும் நேரான அலுமினியச் சதுரக்குழாய் ஒன்றை போல்ட் போட்டு மாட்டி, அச்சுக்கு 300 மி.மீ. முன்னாலும் 300 மி.மீ. பின்னாலும் இரண்டு குழாய்க்கும் இடையிலான தூரத்தை அளங்கள். ஹப்பை அரைச்சுற்று திருப்பி மறுபடி அளந்து சராசரி எடுங்கள். ஹப் முகத்தின் ஆட்டம் கழிந்துவிடும். வித்தியாசம் 1 மி.மீ.-க்குள் இருந்தால் கிட்டத்தட்ட 0.1 டிகிரி, விட்டுவிடலாம். அதிகம் என்றால், எதிர்ப்பக்கம் வெல்டிங் கோடு இழுத்துக் குழாயைத் திருப்பி நிமிர்த்தும் உத்தி உண்டு. அனுபவமுள்ள ஹவுசிங் பட்டறையில் செய்யச் சொல்லுங்கள்.

16. "பட்டையையே எடுத்துவிட்டு, அச்சைச் சேசிஸோடு இணைக்க நான்கு கம்பியும் காயில் ஸ்பிரிங்கும் வைக்கிறேன். எந்தக் கம்பியைத் திருகினால் எது மாறும்?"

கீழ்க்கம்பிகள் இரண்டும் அச்சின் முன்பின் இடத்தையும் செங்கோணத்தையும் தீர்மானிக்கின்றன. மேல்கம்பிகள் பினியன் கோணத்தை. மேல்கம்பிகள் ஆங்கில வி வடிவில் சாய்ந்திருந்தால் அச்சை நடுவில் நிறுத்துவதும் அவற்றின் வேலை. அப்படியானால் இரண்டுக்கும் இடையிலான கோணம் 40 டிகிரிக்குக் குறையாமல் இருக்கட்டும். நான்கும் இணையாக இருந்தால் நடுவில் நிறுத்த எதுவும் இல்லை, அச்சைச் சேசிஸோடு குறுக்காகக் கட்டும் பான்ஹார்ட் கம்பி கட்டாயம்.

ஒரு முனையில் வலமரை, மறுமுனையில் இடமரை உள்ள கம்பியாகச் செய்துகொள்ளுங்கள். மரையின் இடைவெளி 1.5 மி.மீ. என்றால் கம்பியை ஒரு முழுச்சுற்று திருப்ப 3 மி.மீ. நீளம் மாறும். ராட் எண்டின் (கம்பி முனையில் திருகும் மூட்டின்) மரை, அதன் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்காவது உள்ளே இருக்க வேண்டும்.

செங்கோணத்துக்குக் கொண்டுவர ஒரு பக்கத்தை மட்டும் நீட்டாதீர்கள். ஒரு பக்கம் பாதி நீட்டி, மறுபக்கம் பாதி சுருக்கினால் வீல்பேஸ் மாறாது. அதே அளவு அந்தந்தப் பக்க மேல்கம்பியையும் மாற்றுங்கள், இல்லையென்றால் ஹவுசிங் முறுகும். எல்லாம் முடிந்ததும் நிற்கும் உயரத்தில் கம்பியின் போல்ட்டைக் கையாலேயே உருவி, கையாலேயே திரும்பச் செருக முடிய வேண்டும். சுத்தியல் தேவைப்பட்டால் எங்கோ இழுத்துப் பிடித்திருக்கிறது.

17. "பான்ஹார்ட் கம்பி போட்டபின், வண்டி குதிக்கும்போது பின்புறம் பக்கவாட்டில் ஆடுகிறது. கம்பி கோணலா?"

ஒரு முனை சேசிஸிலும் ஒரு முனை அச்சிலும் மாட்டிய கம்பி வட்டவில்லில்தான் நகரும். கம்பி கிடைமட்டமாக இருக்கும் நிலையிலிருந்து அச்சு 75 மி.மீ. ஏறினால், 900 மி.மீ. நீளக் கம்பி அச்சைச் சுமார் 3 மி.மீ. பக்கவாட்டில் இழுக்கும், 600 மி.மீ. கம்பி 5 மி.மீ. அளவுக்கு இழுக்கும். நிற்கும் உயரத்திலேயே கம்பி சாய்ந்திருந்தால் இது பல மடங்காகும். ஆகவே கம்பி எவ்வளவு நீளமாக முடியுமோ அவ்வளவு நீளம், நிற்கும்போது கிடைமட்டம். அதற்குப் பிறகுதான் அச்சை நடுவில் வைத்து நீளத்தைப் பூட்ட வேண்டும்.

18. "நேர்ச்சாலையில் குறையே இல்லை. மலைப்பாதை வளைவில் மட்டும் பின்புறம் தானாகத் திரும்புவதுபோல் இருக்கிறது. அச்சு மறுபடி கோணலாகிவிட்டதா?"

நிற்கும்போது கோணல் இல்லை, சாயும்போது கோணலாகிறது. உயரம் கூட்டிய வண்டிகளில் இது மிகச் சாதாரணம். கீழ்க்கம்பியின் சேசிஸ் முனை உயரத்திலும் அச்சு முனை தாழ்விலும் இருந்தால், சக்கரம் மேலேறும்போது அச்சு பின்னால் தள்ளப்படும். இடப்பக்க வளைவில் வண்டி வலப்பக்கம் சாய்கிறது. வலச்சக்கரம் பின்னால் போகிறது, இடச்சக்கரம் முன்னால் வருகிறது. பின்அச்சு வளைவுக்கு வெளியே பார்க்கத் திரும்பிவிடுகிறது. போடிமெட்டு ஏற்றத்தில் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளை இவ்வளவு உயர்த்தாமல் வைத்திருப்பதில் அர்த்தம் இருக்கிறது.

பட்டை ஸ்பிரிங்கிலும் முன்கண்ணையும் அச்சையும் இணைக்கும் கற்பனைக் கோடு இதே வேலையைச் செய்யும். தீர்வு, கம்பியின் சேசிஸ் முனையைத் தாழ்த்துவது அல்லது உயரத்தைக் குறைப்பது. டேப்பை எடுத்து அச்சைத் திருகுவதால் எதுவும் ஆகாது. நேர்ச்சாலையில் இருந்த நல்லதும் போய்விடும்.

19. "இப்படியெல்லாம் மாற்றினால் ஆர்.டி.ஓ. ஒத்துக்கொள்வாரா?"

தேய்ந்த பட்டை, புஷ், யூ போல்ட் ஆகியவற்றை அதே அளவில் புதிதாக மாற்றுவதில் சிக்கல் இல்லை. உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 16, 17-இல் சொன்ன வகை மாற்றங்கள் சொந்த நிலத்திலும் மூடிய களத்திலும் ஓட்டும் வண்டிகளுக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள். பொதுச்சாலையில் ஓட்டுவதாக இருந்தால் வெல்டிங்கைத் தொடும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்துமூலம் கேட்டுவிடுங்கள்.

20. "வேலை முடித்து அலைன்மென்ட் கடையில் காட்டினேன். சீட்டில் த்ரஸ்ட் கோணம் 0.1 டிகிரி என்று இருக்கிறது. மறுபடி பிரிக்க வேண்டுமா?"

வேண்டாம். த்ரஸ்ட் கோணம் என்பது பின்அச்சு பார்க்கும் திசை நடுக்கோட்டிலிருந்து விலகும் அளவு. 1300 மி.மீ. அகலத்தில் 0.1 டிகிரி என்பது 2.3 மி.மீ. இரண்டாவது பதிலில் சொன்ன எல்லைக்குள் இருக்கிறீர்கள். நான்கு சக்கரத்திலும் கருவி மாட்டி அளக்கும் கடையாக இருந்தால் இந்த எண்ணை நம்பலாம். முன்சக்கரத்தில் மட்டும் மாட்டும் கடையில் பின்அச்சைப் பற்றிய எந்த எண்ணும் வராது.

அதற்குப் பிறகும் வண்டி இழுத்தால், முன்டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் டயர்தான் காரணம். மாறாவிட்டால், பின்பிரேக் டிரம்மைக் கழற்றி ஒரு பக்க ஷூ உரசுகிறதா என்று பாருங்கள். ஹவுசிங்கை இடம் மாற்றியவர்கள் ஹேண்ட்பிரேக் கேபிளின் நீளத்தைச் சரிசெய்ய மறந்துவிடுவது வழக்கம்.